கிட்டங்கித் தெருவுக்கு வந்த நிழல்

சாத்தூரில் வெயில் காலம், அதைவிட வெயில் காலம் என்று இரண்டே பருவங்கள்தான் இருந்தன. டூரிங் கொட்டகைகள் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இரண்டாவது பருவம் தொடங்கிய ஒரு பங்குனி மாதக் காலையில், ஊரின் பெரிய வீடான பஞ்சு அரவை மில்காரர் வீட்டிலிருந்து ஒரு தாயும் இரண்டு பெண்களும் ஒற்றை மாட்டுவண்டியில் அடங்கிவிட்ட சாமான்களோடு வெளியே வந்தார்கள். மில்காரர் மூத்த தாரத்து மகன் பேரில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்; இளைய தாரத்துக்கும் அவள் பெண்களுக்கும் நாளைக்கு எழுதிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு நாள் விடியுமுன்னே கண்ணை மூடிவிட்டார். அவ்வளவுதான் கதை. அதற்கு மேல் அதில் சூழ்ச்சி என்று எதுவும் இல்லை, கொஞ்சம் சோம்பல் மட்டும் இருந்தது.

மூத்தவள் அன்னபுஷ்பம். யாராவது பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துப் பதில் சொல்லுகிற பெண். இளையவள் சீனியம்மாள். பெயரில் இருந்த இனிப்பை நாக்கில் வைத்துக்கொள்ளாதவள் என்று ஊரில் சொல்வார்கள். மூத்த தாரத்து மகன் தனுஷ்கோடி, கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு, எதையோ மறந்துவிட்டவனைப் போல நின்றான். அவன் மனைவி வேலுத்தாய் மட்டும் வாசல் வரை வந்தாள்.

"சாமானெல்லாம் சரியாப் பாத்து எடுத்துக்கிட்டீகளா? அப்புறமா அது இங்க கிடக்கு, இது இங்க கிடக்குன்னு வந்து நிக்கக் கூடாது பாருங்க."

"எடுத்தாச்சு மைனி," என்றாள் அன்னபுஷ்பம்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இழவு வீட்டைத் தவிர எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும், வாசலில் நின்று, "நாங்க போயிட்டு வாரோம், நீங்களும் ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் அவள் கிளம்பியதே இல்லை. எல்லாரும் சொல்வதுதான், ஆனால் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்வதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அவள் மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே தருணம் அதுதான். அன்றைக்கு வேலுத்தாயிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் போகவும் கால் வரவில்லை. வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாடித் தூண்கள், கைப்பிடிச் சுவரின் இரு முனைகளிலும் உட்கார்ந்திருந்த சுதைச் சிங்கங்கள், மாடித் தாழ்வாரத்தில் யாரும் இல்லாமல் தொங்கிய ஊஞ்சல், வளைவுகளில் விம்மிக்கொண்டிருந்த புறாக்கள், எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகப் பார்த்து, வீட்டிடம் சொன்னாள்:

"நாங்க போயிட்டு வாரோம். நீங்களும் ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க."

"ஏக்கா," என்றாள் சீனியம்மாள், "செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் மரியாதையா? வந்தா எங்க உக்கார வைக்கப் போற?"

வண்டி கிளம்பியது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கிட்டங்கித் தெரு. ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்த தெரு அது. ஒரு மரம் கிடையாது, வேப்பங்கன்று வைத்தால் அதுவே வெயிலுக்குப் பயந்து சாய்ந்துவிடும். அந்தத் தெருவில் உள்ளவர்கள் சுவரோரமாக, ஒருவர் பின் ஒருவராக, ஒரு முழ அகல நிழலில் ஒட்டிக்கொண்டு நடப்பார்கள். எதிரே ஆள் வந்தால் யார் வெயிலுக்குள் இறங்குவது என்பதை வயதை வைத்து முடிவு செய்வார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வீடு வந்தது.

வீடு என்றால் வீட்டின் நிழல். முதலில் கண்டவள் வெள்ளரிக்காய் விற்கும் குருவம்மா. வழக்கமான இடத்தில் கூடையை இறக்கி, பாதிக் கூடை விற்ற பிறகுதான், தனக்கு இன்னும் வியர்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். அண்ணாந்து பார்த்தாள், வானம் வெறிச்சென்று இருந்தது. குனிந்து பார்த்தாள், தெரு முழுக்கத் தூண்களும் வளைவுகளும் படுத்துக் கிடந்தன, அவள் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம் உட்கார்ந்திருந்தது, வளைவுக்குள் நிழற்புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தன. சிங்கத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, எழுந்து போய்ப் புதுக் குடித்தனக்காரர்களின் கதவைத் தட்டினாள்.

"ஆத்தா, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காக."

அன்னபுஷ்பம் வெளியே வந்து பார்த்தாள். அவளுக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, வெட்கம். கூப்பிட்டுவிட்டு ஒன்றும் தயார் செய்யாமல் இருந்துவிட்டோமே என்று உள்ளே ஓடி, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, நிழல் வாசற்படியின் ஓரத்தில் கொஞ்சம் ஊற்றி, மீதியை அங்கேயே வைத்தாள். அம்மா வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எல்லா ஜன்னல்களும் வந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். ஜன்னல்கள் இருந்த இடத்திலெல்லாம் வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. ஒன்றும் குறையவில்லை.

"அந்த வீட்டுக்காவது ஒரு வார்த்தையோட மதிப்புத் தெரிஞ்சிருக்கு," என்றாள் சீனியம்மாள். "சிவகாசிக்காரனுக்குத் தெரியலையே." அவளைப் பெண் கேட்டுப் பூ வைத்துவிட்டுப் போன சிவகாசி மாப்பிள்ளை, மில்காரர் இறந்து, வீடு யாருக்கு என்று தெரிந்த பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவள் அதற்காக ஒரு வாரம் அழுதாள், அடுத்த வாரம் அவன் காது பெரியது என்று கண்டுபிடித்தாள்.

காலையில் நிழல் தெருவின் மேற்கே நீண்டது. சாயங்காலம் கிழக்கே நீண்டது. உச்சி வேளையில் தன்னைச் சுருக்கிக்கொண்டு அந்த இரண்டு அறை வாடகை வீட்டின் மேலே மட்டும் உட்கார்ந்தது. அப்போது தெரு முழுக்க அந்த இரண்டு அறைக்குள் வந்துவிடும். அடுப்பங்கரையில் வெற்றிலை மடிப்பவர்களும், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்களும், கதவிடுக்கில் கண்ணயர்பவர்களுமாக இருக்க, நடுவில் அன்னபுஷ்பம் எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டு, யாரையும் மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். பேனா நிப்பு செய்யும் சோலையப்பன் அண்ணாச்சி தன் பட்டறையை வீட்டுக்குள்ளிருந்து தூக்கிவந்து தெருவில் இரண்டு தூண்களுக்கு நடுவில் போட்டார். மேகம் போட்ட நாளில் நிழல் இருக்காது. அன்றைக்கு யாராவது தேடிவந்தால், "இன்னைக்கு அவுக வெளியூரு" என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் வாரம் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் மிதித்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். அம்மா மட்டும் மறக்கவில்லை. தெருவின் எந்தப் பகுதி தன் பழைய வீட்டின் எந்த அறை என்பதை ஜன்னல் வெளிச்சங்களை வைத்துக் கணக்காகச் சொல்லுவாள். காய் நறுக்குவதற்கு அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு வாசலுக்குப் போய் உட்காருவாள். கேட்டால் அதுதான் அடுப்படி என்பாள்.

"குருவம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு. நீ இருக்கிறது பூசை ரூமு."

"நேத்து இதைப் பத்தாயம்னு சொன்னீக?"

"அது காலையில. இப்பச் சாயங்காலமில்ல."

நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். இவ்வளவு பெரிய கட்டிடத்துக்கு அனுமதி யார் கொடுத்தது என்று கேட்டு, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அளந்தார். மூன்றும் வேறு வேறாக இருந்தன. மோர் குடித்தார், இன்னொரு செம்பும் குடித்தார், ஒரு தூணில் சாய்ந்துகொள்ளப் பார்த்து விழுந்தார், போய்விட்டார். பிறகு அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் பக்கம் பெரிய வீடு நிழலில்லாமல் நின்றது. தாழ்வாரமெல்லாம் வெயில். எண்ணெய்க் குளியல் முடித்து வேலுத்தாய் சீப்பை எடுப்பதற்குள் தலை காய்ந்துவிட்டது. விருந்தாளிகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார்கள், காபியைக் கையில் வாங்கியதும் எழுந்துவிட்டார்கள். தனுஷ்கோடி ஒருநாள் மதியம் கிட்டங்கித் தெரு முனையில் வந்து, வழி தவறியவனைப் போல நின்றான். அம்மா பார்த்துவிட்டாள்.

"அங்கேயே ஏம்ப்பா நிக்க? உள்ள வா. சாப்பிட்டியா?"

"இந்தப் பக்கமா ஒரு சோலி, சின்னம்மா..."

அவன் தன் வீட்டின் நிழலில் உட்கார்ந்து, தங்கைகள் ஊற்றிய மோரைக் குடித்துவிட்டுப் போனான். மறுநாளும் அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்தது.

விஷயம் தெரிந்து வேலுத்தாய் வந்துவிட்டாள். தெரு நடுவில் நின்று சத்தம் போட்டாள்.

"அன்னைக்கே கேட்டனா இல்லையா, சாமானெல்லாம் சரியாப் பாத்து எடுத்துக்கிட்டீகளான்னு? எங்க வீட்டுச் சாமானையும் சேத்து எடுத்துக்கிட்டு வந்திருக்கீக!"

"நாங்க எடுத்துட்டு வரலை மைனி," என்றாள் அன்னபுஷ்பம் தரையைப் பார்த்து. தரையில் சிங்கம் இருந்தது. "அவுகளா வந்திருக்காக."

"அப்ப போகச் சொல்லு."

அன்னபுஷ்பம் நிமிர்ந்தாள். "வந்தவுகளைப் போங்கன்னு எப்படி மைனி சொல்றது?"

வேலுத்தாய் வாயைத் திறந்து மூடினாள். ஏனென்றால் அவளும் தன் ஆயுளில் யாரையும் போ என்று சொன்னதில்லை. இவர்களை வீட்டை விட்டு அனுப்பியபோதுகூட, "எப்பக் கிளம்புறீக, வண்டி சொல்லணுமே" என்றுதான் கேட்டிருந்தாள். 

"நீங்க வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க," என்றாள் சீனியம்மாள், சோலையப்பன் பட்டறையில் சாய்ந்துகொண்டு. "ஆனா மரியாதையாக் கூப்பிடணும். அவுக அதுக்குத்தான் வருவாக."

"எங்க வீட்டை நான் எதுக்குட்டி மரியாதையாக் கூப்பிடணும்?" வேலுத்தாய் நிழலைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "ஏய், வா!"

புறாக்கள் மட்டும் கொஞ்சம் படபடத்து அடங்கின. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் வெயிலில் திரும்பிப் போகையில், அன்னபுஷ்பம் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வீட்டுக்கு வந்த பெண்ணை நெற்றியில் குங்குமம் வைக்காமல் அனுப்ப முடியுமா?

அந்த ஆண்டு தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த பொட்டலுக்கு ஒரு டூரிங் கொட்டகை வந்தது. அதன் சொந்தக்காரன் ஆவுடையப்பன். மாட்டுவண்டியில் உட்கார்ந்து ஊரெல்லாம் படத்தின் பெயரைக் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போனவன். படம் தொடங்குமுன் தானே குடத்தை எடுத்து மணல் தரையில் தண்ணீர் தெளிப்பான், பெண்கள் பக்கம் இன்னொரு குடம் கூடுதலாகத் தெளிப்பான். எல்லா டூரிங் கொட்டகைக்கும் இருந்த குறைதான் அவன் கொட்டகைக்கும்; பகல் ஆட்டம் போட முடியாது. கூடாரத் துணி வழியாக வெயில் உள்ளே இறங்கிவிடும், திரையில் கதாநாயகன் எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. ஆகவே, சாயங்காலம் பொட்டல் வரைக்கும் வந்து நின்றுவிடுகிற அந்த நிழலைப் பார்த்ததும் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. விசாரித்துக்கொண்டு வாடகை வீட்டு வாசலுக்கு வந்தான்.

அன்னபுஷ்பம் கதவுக்குப் பின்னால் நின்று, சீனியம்மாளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

"எங்கக்கா சொல்றா, அவுககிட்டயே கேட்டுக்கிடணுமாம்," என்றாள் சீனியம்மாள்.

மற்றவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். ஆவுடையப்பன் தெருவுக்கு இறங்கினான், செருப்பைக் கழற்றினான், தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நிழல் வாசலுக்கு எதிரே நின்று கட்டைத் தொண்டையில் கேட்டான்: "ஐயா, மத்தியானமா ஒரு ஆட்டம் ஓட்டிக்கிடட்டுமா? சத்தம் கொஞ்சம் இருக்கும்."

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். அதை ஜன்னல் வழியாக அன்னபுஷ்பம் பார்த்தாள். நிறையப் பேர் மரியாதையாகக் கேட்பார்கள். பதில் வரட்டும் என்று நிற்பவர்களை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான், கழுத்தில் வியர்வை இறங்கியது, துண்டால் துடைக்கக்கூட இல்லை. மெதுவாக, சோம்பல் முறிப்பதைப் போல, மாடித் தூண்கள் நேரத்துக்கு முன்னாலேயே கிழக்கே நீண்டு, பொட்டலைத் தொட்டு, கொட்டகை மேல் ஏறி அதை மூடின. "சந்தோசம் ஐயா," என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அவன் பொட்டலுக்குள் மறைகிற வரைக்கும் அன்னபுஷ்பம் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பகல் ஆட்டத்துக்கு அவன் போட்ட படம் ராஜா காலத்துக் கதை. தகப்பனை இழந்து, அரண்மனையை இழந்து, காட்டோரத்துக் குடிசைக்குப் போய்ச் சேருகிற இரண்டு அரசகுமாரிகள்; ஒருத்திக்கு ஒரு கவிராயன்மேல் காதல், இன்னொருத்திக்கு ஒரு படைத்தலைவன்மேல் காதல். கிட்டங்கித் தெரு முழுக்க மணலில் உட்கார்ந்து பார்த்தது. அரசகுமாரிகள் அரண்மனை வாசலில் நின்று கண்ணீரோடு பாட்டுப் பாடி முடித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது, குருவம்மா பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

"ஏ ராசாத்தி, சும்மா போறியே! ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டுப் போம்மா!"

மறுநாள் அந்த இடத்தில் பத்துப் பேர் கூவினார்கள். அதற்கடுத்த நாள் கொட்டகையே கூவியது. அரசகுமாரிகள் காதில் வாங்கிக்கொள்ளாமல் ஒவ்வொரு நாளும் நடந்துபோனார்கள். "படிச்ச புள்ளைக மாதிரித்தான் இருக்காக, இது தெரியலையே," என்று பெண்கள் பக்கத்தில் வருத்தப்பட்டார்கள். படத்தில் கடைசியில் அரண்மனை திரும்பக் கிடைத்துவிடும். கிடைத்ததும் கவிராயன் வந்து நிற்பான். "இவ்வளவு நாளா எங்கடா போயிருந்த?" என்று சீனியம்மாள் ஒவ்வொரு நாளும் அவனைக் கேட்டாள்.

நிஜமாகவே அப்படி ஒரு நாள் சிவகாசி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இவ்வளவு பெரிய நிழல் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சீனியம்மாள் அவர்களுக்குப் பாய் விரித்த இடம், பெரிய ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்த சதுரம். சுற்றிலும் நிழல், நடுவில் அவர்கள் மட்டும் வெயிலில். கொஞ்சம் தள்ளி உட்காரலாமா என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார்.

"அங்க எல்லாம் ஆளு இருக்கு மாமா," என்றாள் அவள். அப்படியே பட்டறைக்குத் திரும்பி, நிப்பு நுனியைக் கீறும் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வேலையை அவள் சோலையப்பனிடம் கற்று, இப்போது அவர் கீறுவதில் குறை சொல்லும் அளவுக்கு வந்திருந்தாள்.

பகல் ஆட்டம் முடிந்ததும் ஆவுடையப்பன் தினமும் நிழலிடம் வந்து, "போயிட்டு வாரேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போவான். "நிழலுக்குச் சொல்ல வந்தவரு ஜன்னலைப் பாத்துல்ல சொல்லுதாரு," என்பாள் சீனியம்மாள். அன்னபுஷ்பம் அவளைக் கிள்ளுவாள். பிறகு மோர் கொடுத்தனுப்புவாள். பிறகு ஒருநாள் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் செம்பை வாங்கிக்கொண்டு, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், "உங்களுக்கு வெயிலு ஒத்துக்குமா?" என்று கேட்டான். "ஏன்?" என்றாள். "சும்மாத்தான்," என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

டூரிங் கொட்டகைக்கு ஓர் ஊரில் ஓராண்டுதான் அனுமதி. அது முடிகிற மாதத்தில் ஆவுடையப்பன் தன் அத்தையையும் மாமாவையும் அழைத்து வந்து முறையாகப் பெண் கேட்டான். அடுத்தது விளாத்திகுளம், பிறகு எந்த ஊரோ, ஆண்டுக்கு ஓர் ஊர் என்பதையும் மறைக்காமல் சொன்னான். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி கொஞ்சம் வாடியது. "சீர்னு செய்ய எங்ககிட்ட ஒண்ணும் இல்லையேய்யா," என்றாள். "நானும் கேக்கலையே அத்தை," என்றான் அவன். அம்மா தலையாட்டினாள், ஆனாலும் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

முடியாது என்று சொன்னது அன்னபுஷ்பம்தான்.

சீனியம்மாள் அவளை அடுப்பங்கரைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "உனக்கு என்ன கிறுக்கா? ஜன்னல்கம்பி தேயிற அளவுக்குப் பாத்துட்டு, இப்ப முடியாதுங்க?"

அன்னபுஷ்பம் வெளியே கிடந்த நிழலைக் காட்டினாள். "அவுக என்னை நம்பி வந்தவுக. நான் எங்க போனாலும் கூட வந்துருவாக. அப்புறம் இந்தத் தெரு?"

சீனியம்மாள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். வெளியே குருவம்மாவின் கூடை, நிப்புத் தட்டும் சத்தம், யாரோ பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு, எல்லாமே நிழலுக்குள் இருந்தன. அன்னபுஷ்பம் ஆவுடையப்பனிடம் காரணத்தைச் சொல்லி அனுப்பினாள். அவன் வாதாடவில்லை, அன்றைய பகல் ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வந்து, "போயிட்டு வாரேன் ஐயா" என்றான், ஜன்னலைப் பார்க்காமல் போனான். அது அவளுக்கு, அவன் பார்த்துக்கொண்டு போன எல்லா நாளையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தெருவுக்கு விஷயம் எட்டியது. போ என்று சொன்னால் விரட்டுவதாகிவிடும், இரு என்று சொன்னால் பாவம் பிடிக்கும். மதியம் வந்து உட்கார்ந்து, மோரை வாங்கிக் குடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். குருவம்மா நல்ல பிஞ்சாகப் பொறுக்கி ஒரு மடி வெள்ளரிக்காயை வாசலில் கொட்டிவிட்டு, விலை வாங்காமல் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அன்னபுஷ்பம் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். நிழல் தெரு முழுக்க விரிந்து குளிர்ந்து கிடந்தது. அந்த நிழலின் நட்டநடுவில், சிங்கத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு குருவம்மா உட்கார்ந்திருந்தாள். நிப்புப் பட்டறையில் ஆளுக்கொரு குடை. குடைக்கம்பியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒருவர் குடை இன்னொருவர் கண்ணில் குத்த, திட்டிக்கொண்டே நிப்புத் தட்டினார்கள். தண்ணீர்க் குடத்தோடு போனவள் ஒரு கையில் குடை, பிள்ளையைத் தூக்கிப் போனவள் ஒரு கையில் குடை. சோலையப்பன் அண்ணாச்சி குடையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன குருவம்மாக்கா, நிழல்ல இருந்துக்கிட்டுக் குடை?"

"பழகிப் பாக்கோம்ட்டி," என்றாள் குருவம்மா, வெள்ளரிக்காயை அடுக்கிக்கொண்டே. "ஒத்தக் கையால நிறுக்கிறதுதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு. வந்துரும்."

அன்னபுஷ்பம் வாளியைக் கீழே வைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று சரியாகச் சொல்ல முடியாது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "சரின்னு சொல்லிட்டு வாட்டி," என்றாள். சீனியம்மாள் தலைகூடச் சீவாமல் பொட்டலுக்கு ஓடினாள்.

கல்யாணம் தெருவிலேயே நடந்தது. மாடித் தூண்களுக்கு நடுவில் மணவறை. தனுஷ்கோடி அண்ணனாக நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டான். வேலுத்தாயும் வந்திருந்தாள், அவளும் ஒரு குடையோடு. அவளுக்கு அது தினமும் தேவைப்பட்டது. விடிந்ததிலிருந்து அம்மாவைக் காணவில்லை என்று தேடினால், அவள் தெருவோரத்தில், ஊஞ்சல் ஆடுகிற இடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தரையிடம் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பந்தியில் இலை போட ஆள் வேண்டும் என்று சீனியம்மாள் வந்து எழுப்பிக்கொண்டு போனாள்.

சாமான்கள் ஏறின. வண்டி நின்றது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாயிற்று, ஒருவரைத் தவிர. தெரு முழுக்கச் சுவரோரமாக நின்றது, ஒவ்வொருவரும் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. நிழல் கிளம்பிவிட்டால் விரிக்கலாம் என்று, கிளம்பாவிட்டால் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுபோய் விடலாம் என்று. அன்னபுஷ்பம் வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதைச் சொன்னால் தெரு போயிற்று. சொல்லாமல் போனால், அவளை நம்பி இவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலில் விட்டுவிட்டுப் போவதாகிவிடும். பக்கத்தில் ஆவுடையப்பன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் நின்றான்.

அவள் மாடித் தூண்களையும் சிங்கங்களையும் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"நாங்க போயிட்டு வாரோம்," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க இருங்க. இவ்வளவு நாளும் உங்களை விருந்தாளியாவே வச்சிருந்துட்டோம். இது உங்க வீடு. இனிமே நாங்கதான் உங்களைப் பாக்க வரணும்."

வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பியது. நிழல் அசையவில்லை. நல்ல சாய்மானம் கிடைத்தவரைப் போல இன்னும் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்தது. முதுகுக்குப் பின்னால் குடைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்போது யாரும் எதிர்பாராமல் வேலுத்தாய் முன்னால் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கையைக் கூப்பி, அடங்கிய குரலில் சொன்னாள்: "அப்பப்ப நம்ம வீட்டுப் பக்கமும் வந்துட்டுப் போங்க." அதன்படி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நிழல் பெரிய வீட்டுக்கு விருந்து போய்விட்டு, மறுநாள் காலையில் வந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமைகளில் கிட்டங்கித் தெருவில் குடைகள் விரியும். வாங்கின பொருள் வீணாகவில்லை என்று சோலையப்பன் சொல்லுவார்.

வண்டி கிளம்பிய அன்று சாயங்காலம் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த சீனியம்மாள்தான் கவனித்தாள். "அம்மா, எல்லாம் இருக்கு, ஊஞ்சலை மட்டும் காணோமே?"

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாந்தான் குடுத்துவிட்டேன். மூத்த பொண்ணு வெறுங்கையோடவா போவா?"

விளாத்திகுளத்துப் பொட்டலில் அடுத்த நாள் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. சாத்தூர் வெயிலுக்குத் தங்கையைப் போல அங்கேயும் ஒரு வெயில். மூங்கில் நடுகிறவர்களுக்கு நடுவில் ஆவுடையப்பன் மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, தூரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, கட்டைத் தொண்டையில், "வெயிலு ஒத்துக்கிடுதா?" என்று கேட்டான். "இங்க இனிமே பகல் ஆட்டம் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் அன்னபுஷ்பம். இந்த முறை தரையைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் பாதம் குளிர்ந்திருப்பது தெரிந்து, குனிந்தாள். அவள் காலடியில் ஒரு பலகை அளவு நிழல், நான்கு மூலையிலும் சங்கிலிகளோடு, காற்றே இல்லாத அந்த உச்சி வெயிலில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் உட்காரலாம்.

அவள் எழுந்து, பெட்டியைத் திறந்து, செம்பைத் தேடி எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனாள்.